களைத்த காலுக்கு வேகம் பழகாது

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் என்று எங்கள் பாலக்காட்டு எல்லைப் பக்கத்தில் மாலை ஐந்து மணிக்கு எந்தக் கால்பந்து மைதானத்தை எட்டிப் பார்த்தாலும் ஒரே முறைதான் நடக்கிறது. பிள்ளைகள் பூட்ஸைக் கட்டி நிமிர்வதற்குள் விசில் ஊதப்படும். மைதானத்தைச் சுற்றிப் பத்து ரவுண்டு. அது முடிந்து, வாய் உலர்ந்து, இடுப்பில் கையை ஊன்றி நிற்கிறவர்களை அப்படியே வரிசையில் நிறுத்தி, "இனி ஸ்பிரிண்ட்" என்பார்கள். கோட்டிலிருந்து கோட்டுக்கு ஓட்டம், திரும்பி ஓட்டம், மூச்சு அடங்குவதற்குள் மறுபடியும் ஓட்டம்.

இதை நடத்துகிறவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காதவர்கள். வேலை முடிந்து வந்து, சொந்தப் பணத்தில் பந்து வாங்கிக் கொடுத்து ஊர்ப் பிள்ளைகளைப் பழக்குகிறவர்கள். அவர்கள்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அந்த மரியாதையோடுதான் சொல்கிறேன்: இந்த முறையில் மூச்சு வளரும், பொறுமை வளரும், வேகம் வளராது. களைத்த உடம்பு மெதுவாகத்தான் ஓடும். மெதுவாக ஓடி ஓடிப் பழகினால் மெதுவான ஓட்டம்தான் உடம்பில் படியும்.

இந்தப் பக்கத்துத் தமிழ்வழிப் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். பையன்களையும் பெண் பிள்ளைகளையும் சேர்த்தே பந்து விளையாடப் பழக்குகிறேன். எங்களிடம் செயற்கை ஓடுதளம் கிடையாது, மின்னணுக் கடிகாரம் கிடையாது. ஒரு சுவர், ஓர் ஏரிக்கரை, பழைய டயர், தென்னங்கயிறு, ஒரு போன். வேகம் பழகுவதற்கு இவை போதும்.

பந்தாட்டத்தில் எவ்வளவு தூரம் முழு வேகத்தில் ஓடுகிறோம் என்பதை முதலில் பார்க்கவேண்டும். பெரிய ஆட்டங்களில் ஒரு வீரர் 90 நிமிடத்தில் 10 முதல் 12 கிலோமீட்டர் வரை நகர்கிறார். அதில் மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடுவது சில நூறு மீட்டர்தான். அதுவும் ஒரேயடியாக அல்ல. பத்து மீட்டர், இருபது மீட்டர் என்று துண்டு துண்டாக. ஆனால் ஆட்டத்தின் முடிவு அந்தத் துண்டுகளில்தான் இருக்கிறது. ஜெர்மனியின் முதல்நிலைக் கால்பந்துத் தொடரான பண்டஸ்லிகாவில் 2007-08 பருவத்தில் விழுந்த 360 கோல்களை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். கோல் விழுவதற்குச் சற்று முன் கோல் அடித்தவர் என்ன செய்தார் என்று கணக்கெடுத்தபோது, 45 சதவீதக் கோல்களில் அவர் நேர்கோட்டில் முழு வேகத்தில் ஓடியிருந்தார். குதித்தது, திரும்பியது எல்லாம் அதற்குப் பின்னால்தான் வந்தன. அந்த ஓட்டங்களில் பெரும்பாலானவை காலில் பந்து இல்லாமல் ஓடியவை என்பதையும் சேர்த்துக் கவனியுங்கள்.

எங்கள் ஊர் செவன்ஸ் ஆட்டத்துக்கு இது இன்னும் பொருந்தும். மைதானம் சின்னது, ஆள் ஏழு பேர், இடைவெளி கிடைத்தால் இரண்டு மூன்று நொடிக்குள் மூடிவிடும். நொடிக்கு 7 மீட்டர் வேகத்தில் ஓடுகிறவர் பத்தில் ஒரு நொடியில் 70 சென்டிமீட்டர் கடக்கிறார். எதிராளியின் தோளுக்கு முன்னால் தன் தோளைக் கொண்டுவந்து நிறுத்த அவ்வளவு போதும். அந்தப் பத்தில் ஒரு நொடியைச் சம்பாதிப்பதற்குத்தான் இத்தனை பாடும்.

முழு வேக ஓட்டத்துக்குத் தசை எடுத்துக்கொள்ளும் எரிபொருள் கிரியேட்டின் பாஸ்பேட். தசைக்குள் அது இருக்கும் அளவு மிகக் கொஞ்சம். சில நொடி முழு வேகத்துக்குள் பெரும்பகுதி தீர்ந்துவிடும். ஓட்டம் நின்ற அரை நிமிடத்தில் ஏறத்தாழப் பாதி திரும்ப நிரம்பும். முழுக்க நிரம்ப மூன்று நிமிடமோ அதற்கு மேலோ ஆகும். நரம்பும் அப்படித்தான், தெளிந்து நிற்கும்போதுதான் தசைக்கு முழு ஆணை அனுப்பும். ஓட்டப்பந்தயப் பயிற்சியாளர்கள் இதற்கு எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள்: ஓடிய ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஒரு நிமிட ஓய்வு. இருபது மீட்டர் ஓடினால் இரண்டு நிமிடம். முப்பது ஓடினால் மூன்று.

எங்கள் மைதானத்தில் கடைப்பிடிக்க மிகக் கடினமான விதி இதுதான். "டீச்சர், எனக்குக் களைப்பே இல்லை, ஓடட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். "நட கண்ணு, இன்னும் ஒரு நிமிடம் இருக்கிறது" என்று சொல்லித் தடுக்கவேண்டும். வேலிக்கு வெளியே நின்று பார்க்கிற அப்பாக்களுக்கும் இது புரிவதில்லை. "என்னங்க டீச்சர், ஓடுகிற நேரத்தைவிட நிற்கிற நேரம்தானே அதிகமாக இருக்கிறது?" என்று ஒருவர் கேட்டார். ஆமாங்க, அப்படித்தான் இருக்கவேண்டும் என்றேன். மூச்சு முட்ட ஓடுவதற்கு வேறு நாள் உண்டு. ஆட்டத்திலேயே அது நிறையக் கிடைக்கிறது. வேகம் பழகுகிற நாளில் ஒரு பிள்ளை ஓடவேண்டிய மொத்த முழுவேகத் தூரம் 200, மிஞ்சிப்போனால் 300 மீட்டர். அதை வார்ம்-அப் முடிந்தவுடன், பந்தைத் தொடுவதற்கு முன்னால் முடித்துவிட வேண்டும்.

பாலக்காடு ஓட்டத்துக்குப் பெயர் போன மாவட்டம். பறளியிலும் முண்டூரிலும் உள்ள பள்ளிகள் மாநிலப் போட்டிகளில் பதக்கங்களை அள்ளிவந்த காலத்தைக் கேரளத்தில் தடகளம் தெரிந்த யாரும் மறக்கமாட்டார்கள். 2022இல் பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் 8.08 மீட்டர் தாண்டி வெள்ளி வாங்கிய முரளி ஸ்ரீசங்கர் எங்கள் மாவட்டத்துக்காரர். நீளம் தாண்டுதலில் பாதிக்கு மேல் ஓடிவரும் வேகம்தான். இவ்வளவு ஓட்ட அறிவு நாற்பது கிலோமீட்டருக்குள் இருக்கும்போது, அது பந்து மைதானத்துக்குள் வரவே இல்லை என்பது எனக்குத் தீராத வருத்தம். தடகளம் வேறு, பந்தாட்டம் வேறு என்று இரண்டு தரப்பும் வேலி போட்டுக்கொண்டிருக்கிறது.

பந்தாட்டக்காரருக்கு முதல் தேவை முதல் ஐந்து அடி. இதைச் சுவரில் பழக்குகிறோம். இரண்டு கையையும் சுவரில் நீட்டி ஊன்றி, தலை முதல் குதிகால் வரை ஒரே கோடாக இருக்கும்படி, ஏறத்தாழ 45 பாகை சாய்ந்து நிற்கவேண்டும். ஒரு முழங்காலை இடுப்பளவுக்குத் தூக்கி, கணுக்காலை மடக்கிப் பிடித்து இரண்டு நொடி நிற்க வேண்டும். கை தட்டியதும் காலை மாற்றவேண்டும்; ஒரே ஒரு மாற்றம். அது சரியாக வந்தபிறகு அடுத்தடுத்து மூன்று மாற்றம். எல்லோரும் செய்யும் தவறு, இடுப்பு பின்னால் தள்ளிப்போய் உடம்பு இரண்டாக மடங்குவது. முதுகில் ஒரு கம்பை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அடுத்தது விழுந்து ஓடுதல். இரண்டு காலையும் சேர்த்து நின்று, குனியாமல், உடம்பு முழுவதையும் முன்னால் சாயவிட வேண்டும். இனி விழுந்துவிடுவோம் என்கிற கணத்தில் கால் தானாகவே முன்னால் வரும்; அங்கிருந்து பத்து மீட்டர். சாய்வு என்றால் என்ன என்று வாயால் சொல்லி விளங்கவைப்பதைவிட இது விரைவாக விளங்கவைக்கும்.

இங்கே மண்ணைப் பார்க்கச் சொல்வேன். கேரளத்தில் கரிசல் மண் இருப்பது எங்கள் சித்தூர் வட்டத்தின் கிழக்கு ஓரத்தில்தான், செம்மண்ணும் இருக்கிறது. ஓடிப் பழக நாங்கள் செம்மண் தரையைத்தான் எடுத்துக்கொள்கிறோம். கரிசல் நனைந்தால் பூட்ஸோடு ஒட்டிக்கொண்டு வரும், காய்ந்தால் கணுக்கால் போகிற அளவுக்கு வெடிக்கும். செம்மண்ணில் ஓட்டம் முடிந்தபின் தடத்தைக் குனிந்து பார்த்தால் எல்லாம் எழுதியிருக்கும். நன்றாகத் தள்ளிக் கிளம்பியவளின் முதல் தடத்தில் முன்பாதம் மட்டும் ஆழமாகப் பதிந்து, மண் பின்பக்கமாகச் சிதறியிருக்கும். இரண்டாவது தடம் முதலாவதைவிடச் சற்று நீளமான இடைவெளியில், மூன்றாவது இன்னும் சற்று நீளத்தில். அவசரப்பட்டுக் காலை எட்டிப் போட்டவளின் தடத்திலோ குதிகால் பதிந்து, மண் முன்பக்கமாகக் குவிந்திருக்கும். உடம்புக்கு முன்னால் காலை ஊன்றி ஒவ்வொரு அடியிலும் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டு ஓடியிருக்கிறாள் என்று பொருள். நான் எதுவும் சொல்லாமலே பிள்ளைகள் தங்கள் தடத்தையும் அடுத்தவர் தடத்தையும் ஒப்பிட்டுப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

தொடக்க நிலையை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பந்தாட்டத்தில் யாரும் கோட்டில் குனிந்து நின்று துப்பாக்கிச் சத்தத்துக்குக் காத்திருப்பதில்லை. குப்புறப் படுத்து எழுந்து ஓடுவது, ஒரு முழங்காலை ஊன்றி இருந்து ஓடுவது, முதுகைக் காட்டி நின்று திரும்பி ஓடுவது, பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இருந்து ஓடுவது என்று ஆட்டத்தில் வருவது எல்லாம் இதில் வரவேண்டும். இருவர் இருவராக விட்டு, நடுவில் ஒரு பந்தை உருட்டி விட்டால் அதற்கு மேல் வேறு ஊக்கம் தேவையில்லை. தனியாக ஓடும்போது வராத வேகம் பக்கத்தில் ஒருத்தி ஓடும்போது வருகிறது.

வாரத்துக்கு ஒருமுறை ஏரிக்கரைக்குப் போகிறோம். கரையின் சரிவு மிதமாக இருக்கிற இடத்தில் பத்துப் பதினைந்து மீட்டர் மேலே ஓட்டம், மெதுவாக நடந்து இறக்கம். மேட்டில் ஓடும்போது உடம்பு தானாகவே சாயும், முழங்கால் தானாகவே உயரும், கால் எட்டிப் போகாது. மேடு செங்குத்தாக இருந்தால் ஓட்டம் ஏறுதலாக மாறிவிடும். அது வேறு பயிற்சி. மேடு கிடைக்காத ஊர்க்காரர்கள் பழைய டயரை மூன்று நான்கு மீட்டர் கயிற்றில் கட்டி இடுப்பில் மாட்டி இழுக்கலாம். எவ்வளவு எடை என்று கேட்பார்கள். மண்ணின் உராய்வு இடத்துக்கு இடம் மாறுவதால் எண்ணாகச் சொல்வது கடினம். ஓட்டத்தின் வடிவம் குலைய ஆரம்பித்தால் எடை அதிகம். இரண்டு இழுப்புக்குப் பின் டயரைக் கழற்றிவிட்டு வெறுமனே ஒன்று ஓடவேண்டும்.

இதுவரை சொன்னது கிளம்புகிற வேகம். அதற்குப் பிறகு உச்ச வேகம் என்று ஒன்று உண்டு. அதை எங்கள் பக்கத்தில் யாரும் பழக்குவதே இல்லை. விங்கில், அதாவது மைதானத்தின் பக்கவாட்டு ஓரத்தில், நாற்பது மீட்டர் திறந்து கிடக்கும்போது தேவைப்படுவது அதுதான். 2018 உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவுக்கு எதிராகப் பிரான்சின் எம்பாப்பே தன் பாதி மைதானத்திலிருந்து பந்தோடு ஓடிப் பெனால்டி வாங்கினாரே, அந்த ஓட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இருபது, இருபத்தைந்து மீட்டர் படிப்படியாக வேகத்தைக் கூட்டிவந்து, அடுத்த பத்து மீட்டரை மட்டும் உச்சத்தில் ஓடி, பிறகு மெதுவாகத் தளரவிட வேண்டும். நிமிர்ந்த உடம்பு, தளர்ந்த தாடை, உடம்புக்கு நேர் கீழே ஊன்றும் கால். கிளம்பும்போது பாதம் தரையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு நொடி தங்கும். உச்சத்தில் அது பத்தில் ஒரு நொடியாகக் குறைந்துவிடும். அந்தக் குறுகிய தொடுதலில் தரையை ஓங்கி அடிக்கிற பலம் கயிறு தாண்டுவதிலும், முழங்காலை மடக்காமல் கணுக்காலால் மட்டும் துள்ளுவதிலும் வளரும். ஒரு நாளுக்கு இப்படி மூன்று நான்கு ஓட்டம் போதும்.

அளப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். கைக்கடிகாரத்தில் அமுக்கி எடுக்கிற நேரம் மின்னணு நேரத்தைவிட ஏறத்தாழக் கால் நொடி குறைவாகக் காட்டும். ஒவ்வொரு முறையும் ஒரே அளவு குறைவாகவும் காட்டாது. அதை வைத்துப் பத்தில் ஒரு நொடி முன்னேற்றத்தைக் கண்டுபிடிக்க முடியாது. எங்கள் வழி இது. உச்ச வேகத்தில் ஓடவேண்டிய பத்து மீட்டரின் இரு முனையிலும் ஓடுபாதையை ஒட்டியே இரண்டு கம்பு நடுகிறோம்; தள்ளி நட்டால் கேமராவின் கோணத்தால் தூரம் மாறித் தெரியும். நடுப்புள்ளிக்கு நேராக, சற்றுத் தொலைவில் உள்ள தென்னை மரத்தில் போனைக் கட்டி, நொடிக்கு 240 படம் எடுக்கிற மெதுவான வீடியோவில் வைக்கிறோம். பிறகு இடுப்பு முதல் கம்பைக் கடக்கும் படத்திலிருந்து அடுத்த கம்பைக் கடக்கும் படம் வரை எண்ணுகிறோம். 300 படம் வந்தால் 1.25 நொடி, நொடிக்கு 8 மீட்டர், மணிக்கு 28.8 கிலோமீட்டர். எண்ணுகிற வேலையைக் கணக்கில் ஆர்வமுள்ள பிள்ளைகளே எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் எங்கள் ஊரில் அளவைக் கெடுக்க ஒன்று இருக்கிறது: காற்று. மேற்குத் தொடர்ச்சி மலை விட்டுக்கொடுத்த முப்பது நாற்பது கிலோமீட்டர் அகல இடைவெளியான பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாசலில் நாங்கள் இருக்கிறோம். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்தும், மார்கழி, தையில் கிழக்கிலிருந்தும் காற்று நிற்காமல் வீசும். கஞ்சிக்கோட்டில் காற்றாலைகளை நட்டது அதனால்தான். தடகளத்தில் நொடிக்கு 2 மீட்டருக்கு மேல் பின்காற்று இருந்தால் 100 மீட்டர் ஓட்டத்தைச் சாதனையாக ஏற்பதில்லை. அந்த 2 மீட்டர் காற்றே ஏறத்தாழப் பத்தில் ஒரு நொடியைக் கொடுத்துவிடும். எங்கள் கணவாய்க் காற்று பல நாள் அதைவிட வலுவானது. ஆகவே ஒரே நாளில் இரண்டு திசையிலும் ஓடவைத்து அளக்கிறோம், அல்லது காற்று எழாத விடியலில் மட்டும் அளக்கிறோம். ஆடி மாதம் கிழக்கு நோக்கி ஓடிய நேரத்தைக் காட்டி ஒரு பையனை மாவட்டத் தேர்வுக்கு அனுப்பினால் அங்கே அவன் மனம் உடைந்து திரும்புவான். எதிர்க்காற்றில் ஓடுவது கெடுதல் அல்ல. டயர் இழுப்பதன் பலன் ஓரளவு அதில் கிடைக்கிறது. பின்காற்றில்தான் கவனம் வேண்டும். உடம்பு பழகாத வேகத்துக்குக் கால் இழுபட்டுப் போகும்.

அப்போது முதலில் போவது தொடையின் பின்தசை. பந்தாட்டத்தில் மிக அதிகமாகக் காயப்படுவது அதுதான். ஐரோப்பாவின் பெரிய கழகங்களில் மொத்தக் காயங்களில் அதன் பங்கு 2001-02இல் 12 சதவீதமாக இருந்தது. 2021-22இல் 24 சதவீதமாகிவிட்டது. அதற்கு மருந்து இரண்டு. ஒன்று, வாரம் ஒருமுறையாவது உண்மையான முழு வேகத்தில் ஓடுவது; ஒருபோதும் முழு வேகத்தைத் தொடாத தசை ஆட்டத்தில் திடீரென்று தொடும்போதுதான் கிழிகிறது. மற்றொன்று, நார்டிக் என்று சொல்கிற பயிற்சி. முழங்காலிட்டு நிற்கவேண்டும், தோழி கணுக்கால் இரண்டையும் அழுத்திப் பிடிப்பாள், முழங்கால் முதல் தலை வரை வளையாமல் மெல்ல மெல்ல முன்னால் சாய்ந்து, இனித் தாங்காது என்கிற இடத்தில் கையை ஊன்ற வேண்டும். இதை ஒழுங்காகச் செய்த அணிகளில் பின்தசைக் காயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. முதல் வாரம் நான்கைந்து முறைக்கு மேல் வேண்டாம், மறுநாள் படியிறங்க முடியாது. ஆட்டத்துக்கு முந்தின நாள் கண்டிப்பாக வேண்டாம்.

வளைந்து ஓடுவதற்கு மைதானத்தின் நடுவட்டத்தையே பயன்படுத்துங்கள். அதன் ஆரம் 9.15 மீட்டர், கோட்டின் மேலேயே பாதி வட்டம் ஓடி, நேராக வெளியேறிப் பத்து மீட்டர். இடமாகவும் வலமாகவும் சம அளவு. ஆஃப்சைடில் சிக்காமல் பின்வரிசையின் முதுகுக்குப் பின்னால் வளைந்து ஓடுகிற ஓட்டம் இதுதான். நிற்பதையும் பழக்க வேண்டும்: பதினைந்து மீட்டர் ஓடி ஐந்து மீட்டருக்குள், இடுப்பைத் தாழ்த்தி, சின்னச் சின்ன அடி வைத்து நிற்பது. நிற்கத் தெரியாதவர் முழுதாக ஓட அஞ்சுவார்.

தரையில் விரித்து உள்ளே காலைப் போட்டுப் போட்டு எடுக்கிற பிளாஸ்டிக் ஏணி இப்போது எல்லா மைதானத்திலும் வந்துவிட்டது. பார்க்க அழகாக இருக்கும், வீடியோவுக்கு ஏற்றது. கால் ஒழுங்குக்கும் வார்ம்-அப்புக்கும் அது நல்லதுதான். ஆனால் அதில் கால் விரைவாக அசைகிறதே தவிர தரையைத் தள்ளுவதில்லை. தள்ளாத கால் உடம்பை முன்னால் கொண்டுபோகாது. அதற்குச் செலவழிக்கிற பணத்தில் இரண்டு நல்ல பந்து வாங்கலாம்.

வாரத்துக்கு இரண்டு நாள் வேகப் பயிற்சி, நடுவில் குறைந்தது 48 மணி நேரம். பங்குனி, சித்திரையில் எங்கள் மாவட்டம் கேரளத்திலேயே அதிகமாகக் காய்கிற மாவட்டம் என்பதால் காலை ஆறு மணிக்குத் தொடங்கி ஏழரைக்குள் முடித்துவிடுகிறோம். வெறும் வயிற்றில் கட்டஞ்சாயா (பால் சேர்க்காத தேநீர்) குடித்துவிட்டு வருகிறவர்களுக்கு ஒரு நேந்திரம்பழம் கட்டாயம். அறுவடை முடிந்த வயல்களில் செவன்ஸ் தொடங்கிவிட்டால் பெரிய பையன்கள் இரவு பதினோரு மணி வரை விளக்கு வெளிச்சத்தில் ஆடிவிட்டு விடியலில் வந்து நிற்பார்கள். அவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவேன். தூங்கட்டும்.

பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இந்த வரிசை எதுவும் வேண்டாம். ஓடிப்பிடித்து விளையாடட்டும், கபடி ஆடட்டும், கயிறு தாண்டட்டும்.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். பந்தாட்டத்தில் முழங்காலுக்குள் எலும்புகளைக் கட்டிப் பிடிக்கிற சிலுவைத் தசைநார் (ஏ.சி.எல்.) கிழிவது ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் நேர்கிறது. ஃபிஃபாவின் '11+' என்ற வார்ம்-அப் வரிசை அப்படிப்பட்ட காயங்களைக் குறைப்பதற்காகவே அமைத்தது: 15 பயிற்சிகள், இருபது நிமிடம், பந்தைத் தவிரக் கருவி எதுவும் தேவையில்லை. குதித்து இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் மடியாமல் பார்ப்பதே அதன் உயிர். இதைச் செய்யக்கூட எங்கள் பிள்ளைகளுக்கு நேரம் கிடைப்பதில்லை. ஊர் மைதானம் மாலையில் பையன்கள் ஆடி முடித்த பிறகுதான் அவர்களுக்குக் கிடைக்கிறது. அதற்குள் இருட்டிவிடுகிறது, தரையில் பள்ளம் எது, வெடிப்பு எது என்று தெரிவதில்லை. முழு வேகத்தில் ஓடு என்று அந்த இருட்டில் எந்தப் பிள்ளையிடமும் நான் சொல்லமாட்டேன். வாரத்துக்கு இரண்டு விடியற்காலை, ஐம்பது மீட்டர் நீளத்துக்குச் சமமான செம்மண் தரை, வேறு யாரும் குறுக்கே வராத ஒன்றரை மணி நேரம். ஒவ்வொரு ஊர் மைதானக் குழுவும் இதை அவர்களுக்கென்று எழுதி ஒதுக்கிவைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.